வாலடியில் ஒரு வெள்ளைக் கோடு

பதினான்காவது வினாடியில் திலகா படத்தை நிறுத்தினாள். சாம்பல் நிறக் கடல். படகின் உச்சியில் பொருத்திய கேமரா எடுத்தது என்பதால், திரையின் கீழ் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கனத்த உடுப்பு போட்ட பத்துப் பன்னிரண்டு பேரின் தலைகள் தெரிந்தன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அவர்கள் பார்த்த இடத்தில் ஒரு திமிங்கிலம் முதுகை வளைத்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு முழுக்க இறங்கி, வால் எழும்புவதற்குச் சற்று முன், உடம்பு ஒடுங்கி வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நுரையாக இருக்கலாம். வெயில் பட்ட ஈரமாக இருக்கலாம். ஒரு வினாடி பின்னால் போய் மறுபடி வந்தாள். மறுபடியும் போய் வந்தாள். எதையும் மூன்று முறை பார்த்தால்தான் அவளுக்கு மனசு அடங்கும். காலையில் வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறவள், பஸ்ஸில் பாதி வழி வந்ததும் இன்னொரு முறை பார்த்திருக்கலாமோ என்று நினைப்பாள். மூன்றாவது முறையும் கோடு இருந்தது.

திரையின் வலப்பக்கம் கேள்விகள் வரிசையாக நின்றன. என்ன வகை? மூச்சு விட்டதா? வாலின் அடிப்பக்கம் தெரிகிறதா? கடைசியாக, கயிறோ வலையோ சிக்கியிருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். தெரியவில்லை என்று சொல்லப் பொத்தான் கிடையாது. திலகாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பக்கத்துத் தடுப்புக்கு அந்தப் புறமிருந்து, எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் மோதிரம் தட்டும் சத்தம் ஒரே ஒரு முறை கேட்டது.

ஒன்று என்றால் இல்லை. இரண்டு என்றால் ஆம்.

திலகா ‘இல்லை’யை அழுத்தினாள். ‘பொருந்தியது’ என்று பச்சை நிறத்தில் வந்தது. அடுத்த படம் ஓடத் தொடங்கியது.

அந்த அலுவலகம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள், ஏசி ஒன்று, கண்ணாடி அறை ஒன்று. கீழே மூட்டை இறக்குகிற நாட்களில் யூரியா நெடி படியேறி வந்து ஏசிக் காற்றோடு சுற்றும். வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற படங்களில் சொன்ன பொருளைச் சுற்றிக் கட்டம் போட்டு, அது இன்னது என்று குறித்து அனுப்புவது வேலை. முதலில் தக்காளி வந்தது. பிறகு சாலையில் போகிற சைக்கிள்கள். ஜூன் மாதத்திலிருந்து திமிங்கிலம். ஐஸ்லாந்தில் வடக்கே ஒரு வளைகுடாவாம். கோடையில் திமிங்கிலமும் டால்பினும் அங்கே வருமாம். அவற்றைப் பார்க்கவென்றே காசு கொடுத்துப் படகில் போகிறார்களாம். படகுகளின் கேமரா எடுப்பதை இருபது இருபது வினாடியாக நறுக்கி மறுநாள் காலை உத்திரமேரூருக்கு அனுப்புவார்கள். இதை வைத்து அங்கே ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குத் திமிங்கிலத்தை அடையாளம் காணச் சொல்லித்தருகிறார்கள் என்று மேற்பார்வையாளர் மோகன்குமார் முதல் நாள் விளக்கினான். அந்த வாரம் முழுக்க, படகின் மூக்குக்கு முன்னால் டால்பின்கள் துள்ளும்போதெல்லாம் அறையில் கூச்சல் எழுந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து யாரும் கத்தவில்லை. ஒரு நாளைக்கு நானூறு படம்.

ஒவ்வொரு படமும் இரண்டு பேருக்குப் போகும். இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் பொருந்தியது. இல்லாவிட்டால் இருவருக்கும் ஒரு புள்ளி குறையும். கயிறு கேள்விக்கு மட்டும் தனிக் கணக்கு. யாராவது ஒருவர் ‘ஆம்’ என்று அழுத்தினாலே போதும், கம்ப்யூட்டர் அந்த நிமிஷமே அங்கேயுள்ள மீட்புக்காரர்களுக்குத் தகவல் அனுப்பிவிடும். அவர்கள் நாலு மணி நேரம் கடலில் போய்த் தேடவேண்டும். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் ஐந்து புள்ளி. போன மாதம் வந்தவாசிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் கடல்பாசியைக் கயிறு என்று சொல்லிவிட்டார்கள். மறுவாரம் அவர்களுடைய நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே படம் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு ஒரே வரிசையில் வருகிறது என்பதைச் சசிரேகாதான் கண்டுபிடித்தாள். சந்தேகமானது வந்தால் பாட்டிலில் தட்டுவது என்று ஏற்பாடு செய்தவளும் அவள்தான். மற்ற ஜோடிகள் இருமினார்கள், பேனாவை உருட்டினார்கள், ஒருத்தி வளையலைக் குலுக்கினாள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் திலகா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே நினைத்தாள். போனும் நோட்டும் வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும் என்பதால் படத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ள முடியவில்லை. மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பதியவைத்துக்கொண்டாள். 61847. வாலின் அடிப்பக்கத்தையும் நினைவில் வைத்துக்கொண்டாள். இடது ஓரத்தில் எலி கடித்தமாதிரி ஒரு பிசிறு, நடுவில் தோசை கருகின பொட்டுபோல நாலைந்து கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வால் வேறு வேறு, மனிதர்களின் கைரேகை மாதிரி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

“இன்னாடி, சோத்த பாத்துக்கினு கீற? காலைல நாஷ்டா துன்னியா இல்லியா?” என்றாள் சசிரேகா.

“துன்னேன்க்கா.”

சசிரேகாவுக்கு முப்பது வயது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, போன கார்த்திகையில் ஒரு பையோடு மாகறலில் அண்ணன் ஜெகன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தபோது இடது காது கேட்கவில்லை. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். ஜெகனின் நிலத்தில் திலகாவின் அப்பா தானியேல் பதினைந்து வருஷமாகக் கூலிக்குப் போகிறார். சசிரேகா இந்த வேலையில் சேர்ந்த மறுமாதம், ஒரு நாள் சாயங்காலம், தானே நடந்து திலகாவின் தெருவுக்கு வந்தாள். அந்த வீட்டிலிருந்து யாரும் அப்படி அந்தத் தெருவுக்குள் வந்தது கிடையாது. “தானியேலு, உம்பொண்ணு டிகிரி முடிச்சிட்டு சும்மாதான கீது? எம்பக்கத்துல ஒக்கார நம்பிக்கையா ஒரு பொண்ணு வோணும்” என்றாள். அப்பா சந்தோஷத்தில் துண்டை உதறிப் போட நாற்காலி தேடினார். வீட்டில் நாற்காலி இல்லை.

வியாழக்கிழமை காலை அந்த வால் மறுபடி வந்தது.

பிசிறையும் பொட்டுகளையும் பார்ப்பதற்கு முன்பே திலகாவுக்கு அது தெரிந்துவிட்டது. இம்முறை வால் முழுக்க எழும்பவில்லை. பாதி எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரில் விழுந்தது. கோடு இருந்தது. இப்போது அது வெள்ளையாக இல்லை. இரண்டு பக்கமும் தோல் மேடுகட்டி, நடுவில் பள்ளமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. திலகாவுக்கு ஜெகன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்ற செவலைக் கன்றுக்குட்டி நினைவுக்கு வந்தது. சசிரேகாவின் கல்யாண அமர்க்களத்தில் இரண்டு மாதம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறந்தபோது கழுத்தில் கட்டிய நைலான் கயிறு அப்படியே கிடக்க, கழுத்து மட்டும் வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்குக் கன்று நன்றாகத்தான் இருந்தது. அப்பாதான் ஒரு நாள் தண்ணீர் காட்டப் போனவர் குனிந்து பார்த்துவிட்டு, “மயிரு வகுடு எடுத்தா மாரி கீது பாரு. கவுறு உள்ள பூடுச்சி” என்றார். வகிட்டை விலக்கியபோது உள்ளே புழு வைத்திருந்தது. திலகா விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பிளேடால் அறுத்து, கொக்கி மாதிரி வளைத்த கம்பியால் கயிற்றைத் தூக்கியபோது கன்று கத்தவில்லை. கத்துகிற நிலைமையை அது எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.

பாட்டில் ஒரு முறை ஒலித்தது. திலகா ‘இல்லை’யை அழுத்தினாள். அழுத்திய விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் காஞ்சிபுரம் பஸ்ஸில் பின் இருக்கை கிடைத்தது. சசிரேகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கேட்கிற காது திலகா பக்கம் வருகிற மாதிரிதான் எப்போதும் உட்காருவாள்.

“அக்கா, அந்த வாலு மறுபடியும் வந்துச்சி.”

“எந்த வாலு? நானூறு வாலு பாக்கறோம்.”

“உனுக்கு தெரியும்க்கா. அதுக்கு நோவு.”

“நம்ப ஊர்ல கீற மாட்டுக்கே டாக்டர் வர மாட்டேங்கறான். நீ ஐஸ்லாந்து மீனுக்கு அயுதுக்கினு கீறியா?”

“மீனு இல்லக்கா அது. குட்டி போட்டு பாலு குடுக்குமாம்.”

“அப்ப ஒரு சொம்பு கறந்துக்கினு வா. டீ போடலாம்.”

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சசிரேகா சிரித்தாள். திலகாவும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு சொல்வது எளிதாக இருந்தது.

“உங்க வூட்ல அந்த செவல கன்னுக்குட்டி இருந்துச்சில்ல.”

சசிரேகாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. பஸ் செய்யாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் இல்லை, மணல்தான். ஆடிக் காற்றில் மணல் எழுந்து எழுந்து அடங்கியது. பாலம் முடிந்தது.

“எனுக்கு மொத நாளே தெரியும்டி” என்றாள் பிறகு.

“தெரிஞ்சிக்கினேவா தட்டின?”

“இன்னா பண்ண சொல்ற? அது பாசியா பூட்டா அஞ்சி பாயிண்ட்டு. எனுக்கு ஏற்கனவே நாலு கொறஞ்சிக்கீது. ஆடி முடியட்டும், மச்சான வர சொல்லி பேசலாம்னு எங்கண்ணன் சொல்லிக்கினே கீது. வேலைக்கு போறேன்னு சொல்லித்தான் நா அங்க நிக்கறேன். வேல பூட்டா அன்னிக்கே பைக்ல ஒக்கார வச்சிக்கினு போயி அந்த ஆளு வூட்ல வுட்டுட்டு வந்துடும்.” அவள் கை தானாக இடது காதைத் தொட்டது. தொட்டதை உணர்ந்து முடியைச் சரிசெய்கிற மாதிரி கையை இறக்கினாள். “கம்முனு இரு திலகா. கடல்ல ஆயிரம் கீது. யாரோ பாப்பாங்க.”

யாரோ பார்ப்பார்கள் என்பதைத் திலகா வெள்ளிக்கிழமை முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகில் அத்தனை பேர் இருக்கிறார்கள், கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள், படகோட்டிக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் படகில் இருப்பவர்களுக்கு வால் எழும்புகிற ஒரு கணம்தான் கிடைக்கும். அந்தக் கணத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நிறுத்திப் பார்க்கிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேரும் உரக்கடை மாடியில் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு படம் திறக்கும்போதும் அந்த வால் வந்துவிடக் கூடாது என்று வேண்டினாள். மத்தியானம் வரை அது வரவில்லை. வராதது அதைவிடப் பயமாக இருந்தது. கன்று பிழைத்ததா என்று யோசித்தாள். பிழைத்ததாகத்தான் நினைவு. ஆனால் அது மாடாகிப் பார்த்த நினைவில்லை. அப்பாவைக் கேட்கலாமென்று நினைத்தாள், கேட்கவில்லை. ஒருவேளை கோடே இல்லையோ, கன்றை நினைத்து நினைத்து நானே திமிங்கிலத்தின் மேல் போட்டுவிட்டேனோ என்று சாயங்காலம் ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்துவிட்டது.

முதலில் ஆட்களைத்தான் பார்த்தாள். அதுவரை வந்த எந்தப் படத்திலும் அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஒரு கிழவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். ஒரு சின்னப் பெண் கம்பிமேல் ஏறப் பார்க்க, அவளுடைய அம்மா உடுப்பின் முதுகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். திமிங்கிலம் படகுக்குப் பத்தடி தூரத்தில், மரக்கட்டை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஒரு திமிங்கிலம் அத்தனை நேரம் நின்று தருவது அபூர்வம். அதனால்தான் கைதட்டுகிறார்கள். சுற்றி ஏழெட்டு டால்பின்கள் வந்து வந்து போயின. திமிங்கிலம் மூச்சு விட்டது. ஒன்று. ஆறு வினாடி கழித்து இன்னொன்று. பயிற்சியில் சொன்ன கணக்குப்படி அது வேகமான மூச்சு. பதினொன்றாவது வினாடியில் ஓர் அலை அதன் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கியது. பச்சை நிறக் கயிற்றின் ஒரு முனை, ஒரு முழ நீளம், தோலுக்குள்ளிருந்து வெளியே வந்து தண்ணீரில் ஆடியது.

திலகா நிறுத்தினாள். அம்புக்குறியைக் கடைசிக் கேள்விக்குக் கொண்டுபோனாள். பாட்டில் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

பக்கத்தில் நாற்காலி கிரீச்சிடவில்லை, மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். ஒரு படத்துக்குத் தொண்ணூறு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் கண்ணாடி அறையில் மஞ்சள் விளக்கு எரியும். எழுபது ஆகிவிட்டது. திலகாவுக்கு அப்பா நாற்காலி தேடியது தெரிந்தது. ஜெகனின் பைக் தெரிந்தது, பின்னால் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு சசிரேகா. எண்பது. அலை இன்னொரு முறை தூக்கினால் நன்றாகத் தெரியுமே என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம் வந்தது. படம் நின்றுதான் இருந்தது. அலை எங்கிருந்து வரும்?

‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

திரை சிவப்பானது. ‘அவசரம். அனுப்பப்பட்டது.’ அதன் கீழே, வழக்கமான இடத்தில், வழக்கமான பச்சை எழுத்தில்: ‘பொருந்தியது.’

அவள் தலையைத் திருப்பவில்லை. தடுப்புக்கு அந்தப் புறம் சசிரேகா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு மோகன்குமார் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். செங்கல்பட்டிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவன். ஹெல்மெட் போட்டுப் போட்டு நெற்றியில் ஒரு தழும்பே விழுந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்ல மறந்து நின்றான்.

“அங்கேர்ந்து மெயில் வந்துக்கீது. நல்ல வேல செஞ்சீங்கன்னு சொல்லிக்கீறாங்க. ஆளுங்க கெளம்பிட்டாங்களாம்.” அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. “கூடவே ஒண்ணு கேக்கறாங்க. இதே வாலு செவ்வாக்கெழம வந்துக்கீது, வியாழக்கெழம வந்துக்கீது. ரெண்டு வாட்டியும் இல்லன்னு போட்டுக்கீறீங்க. ரெண்டு பேருமே. அதுவும் நாலு செகண்ட் வித்தியாசத்துல. எப்பிடின்னு கேக்கறாங்க.”

“எங்க கண்ணுக்கு அப்பிடித்தான் சார் தெரிஞ்சிது” என்றாள் சசிரேகா.

“யம்மா, நா இன்னா செவுடனா? பாட்டில் சத்தம் எனுக்கு கேக்காதா? இந்த ரூம்ல இருமல், வளையலு, பேனா எல்லாந்தான் கேக்குது. கணக்கு நல்லா வருதேன்னு நானும் கம்முனு இருந்தேன். இப்ப என் பேஜாரு எனுக்கு.” அவன் ஜன்னல் பக்கம் போய் வந்தான். “திங்கக்கெழம நாலு மணிக்கு போன் பண்ணுவாங்க. உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா பேச சொல்லுவாங்க. தட்டினது யாருன்னு கேட்டா யாராவது ஒருத்தர் பேரு வந்துதான் ஆவணும்.”

வேலை முடிந்து படியிறங்கும்போது திலகா சசிரேகாவின் புடவை முந்தானையைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து தொடக் கூசிய புடவை. “எம்மேல போட்டுடுக்கா. நாந்தான் தட்டினேன்னு சொல்லு. எனுக்கு இல்லன்னா வேற வேல.”

“இன்னா வேல? உங்க நைனாவோட எங்கண்ணன் நெலத்துல நாத்து நடப் போறியா?” சசிரேகா நின்றாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரல். “மோதிரம் யார் கையில கீது? நீ தட்டினேன்னா நம்பறதுக்கு அவனுங்க லூசா?”

“பின்ன ஏங்க்கா இன்னிக்கி தட்டல?”

“தட்டத்தான் எடுத்தேன். பாட்டில தூக்கிட்டேன்.” கையிலிருந்த பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல் மாற்றிப் பிடித்தாள். “அந்த கவுறு ஆடுச்சி பாரு. அப்பறம் கை வரல.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது, “ஜெகன் வூட்டாண்ட மாப்ள வண்டி நின்னுக்கினு கீது” என்றார். “சீட்டுல ஒரு பெரிய பை பழம். ஆடி முடியறதுக்குள்ளயே சமாதானம் பேச வந்துக்கீறாரு போல. நல்லதுதான்.” திலகா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். அங்கே கடலில் இப்போது காலை நேரம் என்று கணக்குப் போட்டாள். ஐந்தரை மணி நேரம் பின்னால். நேற்றுக் கிடைக்கவில்லையென்றால் இன்றும் ஆட்கள் போயிருப்பார்கள். தேடிக் கிடைக்காமல் இருக்கலாம். கிடைத்து, தாமதமாகிவிட்டது என்று தெரியலாம். செவ்வாய்க்கிழமையே அழுத்தியிருந்தால் நாலு நாள். நாலு நாளில் ஒரு கயிறு எவ்வளவு உள்ளே போகும் என்று அப்பாவைக் கேட்டால் சொல்லிவிடுவார். அவள் கேட்கவில்லை.

வரமாட்டாள் என்று திலகா நினைத்திருந்த சசிரேகா, திங்கட்கிழமை மாகறல் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நாலு மணிக்கு இன்னா ஆவுதோ அத்த பாத்துட்டு பதில் சொல்றேன்னு அந்த ஆளாண்ட சொல்லிட்டேன்” என்றாள். “ஆயிரம் வாட்டி கேட்டுட்டான், நாலு மணிக்கு இன்னான்னு.” பாலம் வந்தது, போனது.

அன்று திரையில் வந்த ஞாயிற்றுக்கிழமைக் கடல் பனிமூட்டமாக இருந்தது. காலை முழுக்க வெறும் சாம்பல். கட்டம் போட ஒன்றுமில்லாத படங்களாக வந்தன. ‘எதுவும் இல்லை’, ‘எதுவும் இல்லை’ என்று அழுத்திக்கொண்டே போனாள். ஒரு மணிக்கு இரண்டு டால்பின்கள். இரண்டரைக்கு ஒரு முதுகு, எதனுடையது என்று தெரிவதற்குள் போய்விட்டது. மூன்றரைக்கு மோகன்குமார் கண்ணாடி அறையில் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனை மேசையின் நடுவில் எடுத்து வைத்தான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்த படத்தில் படகு நின்றிருந்தது. ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை, பேசவும் இல்லை. தூரத்தில், பனிக்குள், ஒரு சின்ன ரப்பர் படகு. அதில் தலைக்கவசம் போட்ட நாலு பேர். ஒருவன் முட்டிபோட்டு முன்னால் சாய்ந்து, மூங்கில் போல நீளமான ஒரு கழியை நீட்டியிருந்தான். கழியின் நுனியில் வளைந்த கத்தி. அதற்கு முன்னால் தண்ணீர் மட்டும் இருந்தது. எட்டாவது வினாடியில் அந்தத் தண்ணீர் கறுத்தது. பத்தில் முதுகு எழுந்தது, மெதுவாக, கடலே எழுகிற மாதிரி. திலகாவின் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சசிரேகா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி வந்து, கேட்கிற காது திலகா பக்கம் வரும்படி உட்கார்ந்திருந்தாள். அவள் திரையிலும் இதே படம்தான் ஓடும். இருந்தும் இங்கே வந்திருந்தாள். பதினான்கில் கழி இறங்கியது. பதினேழில் ரப்பர் படகு ஒரு பக்கம் சாய, நாலு பேரும் குனிந்து பிடித்துக்கொண்டார்கள். பத்தொன்பதில் வாலின் அடி தண்ணீரிலிருந்து வெளியே வரத் தொடங்கியது.

இருபது. படம் முடிந்தது.

திலகா கேள்விகளைத் தொடவில்லை. அடுத்த படத்தை அழுத்தினாள். வெள்ளைத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடி அறையில் போன் அடித்தது. மோகன்குமார் எடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எழுந்து நின்று கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்துக் கையசைத்தான். ஒருத்தி வரவேண்டும் என்று ஒரு விரலைக் காட்டினான். மறுபடியும் காட்டினான். இரண்டு பேரும் எழவில்லை. சசிரேகாவின் கை திலகாவின் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.